முதல் ராணுவ வண்டி எது? ஜீப்பா, லேண்ட் ரோவரா, லாரியா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பழைய ராணுவ வண்டிகளைத் தேடி எடுத்துச் சரிசெய்ய ஆசைப்படும் இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள். வெல்டிங் தெரிந்தவர்கள், செம்பனை ஆலை எஞ்சின்களோடு பழகியவர்கள், சிங்கப்பூரில் வேலை பார்த்துக் கொஞ்சம் காசு சேர்த்தவர்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, முதல்ல எதை எடுக்கலாம்? ஜீப்பா, லேண்ட் ரோவரா?" சிலருக்கு லாரி மேல் கண். ஓரிருவருக்குக் கவச வண்டியே வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து, ஒரு கொட்டகையில், சனி ஞாயிறுகளில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் 12 வோல்ட் லேண்ட் ரோவர் எடுங்கள், சீரிஸ் 2ஏ அல்லது சீரிஸ் 3. பேரும் புகழும் ஜீப்புக்குத்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை பாதியில் நின்று கன்வாசுக்கு அடியில் கிடக்கும் வண்டிகளைப் பாருங்கள். ஊரின் கைக்கும் கடைக்கும் எட்டாத வண்டிகளே அப்படிக் கிடக்கின்றன. இங்கே என்ன வேலை செய்ய முடியும், எந்தப் பாகம் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்று பார்த்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த வண்டியானாலும் இரும்பைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கெரானை, அதாவது பதிவுப் பத்திரத்தைப் பாருங்கள். சேசிஸ் (அடிச்சட்டம்) நம்பரும் எஞ்சின் நம்பரும் கெரானில் உள்ளபடியே வண்டியிலும் இருக்க வேண்டும். ராணுவத்தில் ஓடிய வண்டி இசட் எழுத்தில் தொடங்கும் எண்ணோடு இருந்திருக்கும். அது ஏலத்தில் வெளியே வந்து சாதாரண எண்ணுக்கு மாறியிருந்தால் நல்லது. பழைய இரும்பாக விற்கப்பட்டு, எந்தத் தாளும் இல்லாமல் யாரோ ஒருவருடைய வீட்டுப் பின்புறத்தில் நிற்கிறது என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே. கவுன்டரில் கேட்டுத் தெளிவாகும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள். ஓட்ட முடியாத வண்டியைப் பளபளப்பாக்கி நிறுத்தி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இனி ஜீப். 1945 செப்டம்பரில் மோரிப்பிலும் போர்ட்டிக்சனிலும் இறங்கிய பிரிட்டிஷ் படையில் 25ஆம், 23ஆம் இந்திய டிவிஷன்கள் இருந்தன. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெறுமையாகிப் போன லயங்களின் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளின்) பக்கம், இந்தியச் சிப்பாய்களோடு வந்த வண்டி அது. அதனால் நம் பெரியவர்களின் நினைவில் ஜீப்புக்குத் தனி இடம் உண்டு. எனக்கும் அதன் மேல் மரியாதை இருக்கிறது.

ஆனால் 1941 முதல் 1945 வரை செய்த உண்மையான வில்லீஸ் எம்பி அல்லது ஃபோர்டு ஜிபிடபிள்யூ நம் பக்கம் கிடைப்பது அபூர்வம். "இரண்டாம் உலகப் போர் ஜீப்" என்று சொல்லி விற்பதில் நிறைய, போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சிஜே வகைகளும் ஜப்பானில் மிட்சுபிஷி செய்தவையும்தான். பல வண்டிகள் பலவற்றின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியவை. அடையாளம் காணச் சில வழிகள் உண்டு. போர்க்கால ஜீப்பின் முன் கிரில்லில் 9 இடுக்குகள் இருக்கும், சிஜேயில் 7. போர்க்கால ஜீப்பில் பின்கதவு கிடையாது, மாற்றுச் சக்கரம் பின்னால் தொங்கும், பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருக்கும். சேசிஸின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லீஸ், கவிழ்த்து வைத்த தொட்டி வடிவில் இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்டுகளில்கூட எஃப் எழுத்தைப் பொறித்தது. அத்தனை போல்டும் எஃப் எழுத்தோடு இருக்க வேண்டும் என்று தேடி அலைபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தப் பொறுமை உள்ளவர்களுக்குத்தான் இந்த வண்டி.

ஜீப்பின் எஞ்சின் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன். வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும் பழைய அமைப்பு. திறந்து பார்த்தால் புரியும், எளிமையானதுதான். சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. மின்சாரம் 6 வோல்ட். பல்பிலிருந்து பேட்டரி வரை எதையும் ஊர்க் கடையில் போய் வாங்க முடியாது. ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் சாலையில் முந்திச் செல்வதும் சிரமம், பதிவு செய்யும்போது கேள்விகளும் வரும். பாடி போயிருந்தால் பிலிப்பைன்ஸில் புதிதாகவே அடித்துத் தருகிறார்கள், தரமும் பரவாயில்லை. ஆனால் கப்பல் கூலியும் வரியும் சேர்ந்தால் வண்டி வாங்கிய விலையைத் தாண்டலாம்.

ஒரு எச்சரிக்கை. போர்க்கால ஜீப்பின் சக்கர வளையம் இரண்டு பாதிகளைச் சேர்த்து நட்டால் இறுக்கியது. பெரிய ராணுவ வண்டிகள் பலவற்றிலும் இதே அமைப்பு உண்டு. காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைக் கழற்றினால் வளையம் பிய்த்துக்கொண்டு பறக்கும், ஆளைக் கொன்றுவிடும். சக்கரத்தைக் கழற்றும் நட்டு எது, வளையத்தைப் பிரிக்கும் நட்டு எது என்று தெரியாமல் யாரும் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டாம். வண்டி வந்த அன்றே வளைய நட்டுகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள். கொட்டகைக்கு வரும் சின்னப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள்.

சரி, லேண்ட் ரோவருக்கு வருவோம். இந்த வண்டி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது 1948 ஏப்ரல் 30 அன்று. அதே ஆண்டு ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்த 12 ஆண்டுகளில் இராணுவம், போலீஸ், தோட்டம் மூன்றிலும் ஓடிய வண்டி லேண்ட் ரோவர். தோட்டப் பட்டறைகளில் இரும்புத் தகடு வெட்டி வண்டிகளுக்குக் கவசம் கட்டினார்கள். அதனால் நம் ஊருக்கு இது வெளியிலிருந்து வந்த சரக்கு என்று சொல்லிவிட முடியாது. இதை ஓட்டியவர்களின், பழுது பார்த்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

இதன் பாடி பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவை. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு, அதனால் அப்படிச் செய்தார்கள். நம் மழைக்கு அது பெரிய வரம். பலர் ஏமாறுவதும் இங்கேதான். வெளியே பாடி நன்றாகத் தெரியும், அடியில் சேசிஸ் எஃகு. அது பெட்டி வடிவக் குழாய், உள்ளேயிருந்துதான் துருப்பிடிக்கும். தார் பூசி மூடியிருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பக்கவாட்டில் நீளும் கைகள் என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும். அப்புறம் முன் தடுப்புச் சுவர், அதாவது எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவில் உள்ளது. அதுவும் எஃகுதான். கால் வைக்கும் குழியும் கதவுக் கீல் மூலையும் முதலில் போகும்.

இங்கே தோட்ட வண்டியா, ராணுவ வண்டியா என்பதே ஒரு தனி ஒப்பீடு. எல்லாரும் ராணுவத்தில் ஓடியதுதான் அதிகம் அடிபட்டிருக்கும் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் தோட்டத்தில் ஓடியதைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் உர மூட்டை ஏற்றிய வண்டி என்றால் பொட்டாஷும் அம்மோனியம் சல்பேட்டும் சிந்தி, மழைத் தண்ணீரில் கரைந்து, சேசிஸின் இடுக்குகளில் இறங்கியிருக்கும். அந்த உப்பு எஃகையும் தின்னும், அலுமினியத்தையும் வெள்ளைப் பொடியாக்கும். பால் மரத் (ரப்பர்) தோட்டத்தில் பால் ஏற்றிய வண்டி என்றால் அமிலமும் அம்மோனியாவும். பின் தரையைக் கழற்றிப் பார்க்க விடாத உரிமையாளரிடம் வாங்காதீர்கள். ராணுவ வண்டிக்கு எஞ்சின் தேய்ந்திருக்கலாம், கியர் பல் போயிருக்கலாம், ஆனால் ஒழுங்காகக் கழுவிக் கிரீஸ் அடித்து வைத்திருப்பார்கள். எஞ்சினை மீண்டும் கட்டலாம். உளுத்த சேசிஸை ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பது மனதை ஒடித்துவிடும். மொத்தமாகப் போய்விட்டதென்றால் துத்தநாகம் முக்கிய புது சேசிஸ் இங்கிலாந்தில் செய்கிறார்கள். ஆனால் அதை மாற்றினால் பழைய நம்பர் என்ன ஆவது என்ற கேள்வியோடு மறுபடி ஜே.பி.ஜே. கவுன்டருக்குத்தான் போக வேண்டும்.

எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். சும்மா பழைய தகட்டை அப்படியே மாட்டி போல்டு இறுக்கிவிட்டால் சில மழைக்காலத்தில் விளிம்பு வீங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் பெயின்டும் ஜாயின்டிங் பேஸ்டும் போட்டு மாட்டுங்கள். தைப்பிங் பக்கத்திலிருந்து வரும் மழையைத் தெரிந்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லத் தேவையில்லை.

2ஏயா, 3ஆ? 1961 முதல் 1971 வரை வந்தது 2ஏ, அதிலிருந்து 1985 வரை 3. அழகு 2ஏயில்தான், அவசரகாலத்து வண்டிகளின் முகச்சாயலும் அதற்குத்தான் கிட்ட. சீரிஸ் 3இல் நான்கு கியருக்கும் சின்க்ரோமெஷ், அதாவது கியர் உரசாமல் விழ வைக்கும் அமைப்பு உண்டு. 2ஏயில் முதல் இரண்டு கியருக்கும் அது கிடையாது, இரட்டைக் கிளட்ச் மிதித்துப் போட்டுப் பழக வேண்டும். 2ஏயில் நட்டு போல்டு அளவுகளும் கலந்து வரும், பழைய பிரிட்டிஷ் ஸ்பேனர்களும் வேண்டியிருக்கும். முதல் முறை செய்பவர்களுக்கு 3, பழைய வண்டி ஓட்டிப் பழகியவர் கூட்டத்தில் இருந்தால் 2ஏ. இரண்டிலுமே 2286 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பரவலாக வந்தது, பாகங்கள் இன்றும் புதிதாக வருகின்றன. ரேடியோ பொருத்துவதற்கென்று செய்த 24 வோல்ட் ராணுவ வகையை முதல் வண்டியாக எடுக்காதீர்கள். அதன் டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர், ஜெனரேட்டர் எல்லாமே தனி ரகம், விலையும் தனி ரகம். 12 வோல்ட் என்றால் ஊரிலுள்ள எந்த வயரிங்காரரும் கை வைப்பார்.

இப்போது எல்லாரும் சண்டை போடும் விஷயம்: எஞ்சின். இந்த நாட்டில் பழைய லேண்ட் ரோவர்களில் பலவற்றுக்கு பாதியாக வெட்டிய வெளிநாட்டுப் பழைய வண்டிகளை விற்கும் ஹாப்கட் கடையிலிருந்து இசுசு, நிசான், டொயோட்டா டீசல் எஞ்சின் இறக்கியிருக்கிறார்கள். காரணம் தெரிந்ததுதான். பழைய பெட்ரோல் எஞ்சின் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். தோட்டத்துக்கும் காட்டுக்கும் தினமும் ஓட்டியவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. அந்த எஞ்சின்கள் இல்லாவிட்டால் இந்த வண்டிகளில் பாதி அப்போதே இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

என் நிலை இதுதான். ஏற்கனவே மாற்றிய வண்டி, கெரானில் அந்த எஞ்சின் நம்பர் ஏறியிருக்கிறது என்றால் அப்படியே வைத்துக்கொண்டு சேசிஸ், பிரேக், பாடி வேலையைச் செய்யுங்கள். அதுவும் அந்த வண்டியின் சரித்திரம்தான். பழைய எஞ்சினோடு உயிராக இருக்கும் வண்டியை மட்டும் டீசலுக்காக வெட்டாதீர்கள். எஞ்சின் தாங்கியை வெட்டி எடுத்தபின் திரும்பப் பழையபடி கொண்டு வருவது பெரிய வேலை. டீசலின் இழுவைக்கு அந்தக் காலத்துப் பின் ஆக்சில் தண்டுகள் ஒடிவதும் சகஜம். இன்னொன்று, பம்பில் வரும் டீசலில் செம்பனை எண்ணெய் பயோடீசல் கலந்திருக்கிறது, 2019இல் அதன் பங்கு 10 விழுக்காடானது. அது பழைய ரப்பர் குழாய்களை இளக்கும், டாங்கின் அடியில் படிந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும். டீசல் வண்டி எடுத்தால் குழாய்களை எல்லாம் மாற்றிவிட்டு, முதல் சில டாங்க் வரை ஃபில்டரைக் கையோடு வைத்திருங்கள்.

ஜீப்பையும் லேண்ட் ரோவரையும் பக்கத்தில் நிறுத்தினால் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். காத்திருப்பதில்தான் வித்தியாசம். லேண்ட் ரோவர் பாகம் கேட்டால் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ யாராவது ஒருவரிடம் இருக்கும், இல்லையென்றால் அவர்களே தருவிப்பார்கள். கடைசலில் செய்ய வேண்டியதென்றால் ஈயச் சுரங்கக் காலத்திலிருந்தே கிந்தா பள்ளத்தாக்கில் பழகிய கைகள் இருக்கின்றன. ஒரு புஷ்ஷையோ பின்னையோ மாதிரி காட்டினால் செய்து கொடுக்கும் பட்டறைகள் நம்மிடமிருந்து அரை மணி நேரத் தூரம்.

லாரி ஆசைப்படுபவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1953 முதல் 1969 வரை வந்த பெட்ஃபோர்டு ஆர்எல் கம்பீரமான வண்டி, 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கர இழுவை. ஆனால் அதை நிறுத்தும் கொட்டகை, தூக்கும் சங்கிலிக் கப்பி, குடிக்கும் பெட்ரோல் மூன்றுமே ஒரு தனி மனிதரின் சம்பளத்துக்கு அடங்காது. சாதாரண கார் ஓட்டும் டி உரிமம் 3500 கிலோ எடை வரைதான், இதன் வெறும் எடையே அதைத் தாண்டும். ஆலையோ போக்குவரத்துக் கம்பெனியோ வைத்திருக்கும் ஒருவர் துணை நின்றால் செய்யலாம். ஃபெரட் கவச வண்டி அதைவிடச் சிக்கலானது. ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின், கியரை முன்கூட்டியே தேர்ந்து வைக்கும் ஐந்து கியர் ப்ரீசெலக்டர் பெட்டி, அந்த ஐந்திலும் பின்னோக்கியும் ஓடும் அமைப்பு. பொறியியலாகப் பார்த்தால் அற்புதம். பதிவும் அனுமதியும் தனி உலகம். ராணுவ வண்டிகளை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் போர்ட்டிக்சன் ராணுவ அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் குடும்பத்தோடு போய் வரலாம்.

தனி ஆள், வீட்டு முன் போர்ட்டிகோ மட்டும்தான் இடம் என்றால் மோட்டார்சைக்கிளை யோசியுங்கள். பிஎஸ்ஏ எம்20, 496 சி.சி., ஒற்றை சிலிண்டர், 13 குதிரைத்திறன். போர்க்காலத்தில் லட்சத்துக்கு மேல் செய்தார்கள், பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒரே ஆள் எஞ்சினைத் தூக்கி மேசையில் வைத்துவிடலாம். நம் ஈரப்பதத்தில் முதலில் தொல்லை தருவது பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோதான். வண்டி சூடானதும் நின்றுபோய் ஆறினதும் கிளம்புகிறது என்றால் கார்புரேட்டரை நோண்டாமல் மேக்னெட்டோவைப் புதிதாகச் சுற்றக் கொடுங்கள். சின்ன மோட்டார்சைக்கிளுக்கான பி2 உரிமம் இதற்குப் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி கிடையாது. ஆனால் கூட்டாகச் செய்யும் மகிழ்ச்சி இதில் குறைவு.

வண்டி எதுவானாலும் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள். அடுத்தது அலங்காரம். நிறம் மாற்றினால் ஜே.பி.ஜே.யில் பதிய வேண்டும். இசட் எண் எழுதுவது, நகல் இயந்திரத் துப்பாக்கி மாட்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். நகல் துப்பாக்கிக்கும் இந்த நாட்டுச் சட்டம் கடுமையானது.

சட்டத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. அவசரகாலம் என்பது லயங்களை முள்கம்பி வேலிக்குள் அடைத்த காலம். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டது 1949 மே மாதத்தில். இரண்டு பக்கமும் ஆட்களை இழந்த குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. பச்சை நிற வண்டியின் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திய பாட்டிமார்களின் பிள்ளைகள்தான் கோயில் திருவிழாவில் நம் வண்டியைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன் துப்பாக்கியோடு வேடம் கட்டி நிற்கக் கூடாது. அதற்குப் பதில் அந்த வண்டியை ஓட்டிய டிரைவர், பட்டறையில் கவசம் கட்டிய மெக்கானிக் இவர்களின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். பெரியவர்கள் வண்டியைத் தொட்டதும் பேசத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சைப் பதிவு செய்வதும் மறுசீரமைப்பு வேலையில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசியாக, வண்டி பார்க்கப் போய்விட்டு என்னிடமோ வேறு அனுபவசாலியிடமோ யோசனை கேட்கப் போகிறீர்கள் என்றால், முன்பக்கம் பளபளவென்று எடுத்த படம் உதவாது. பின் குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கம், ஓட்டுநர் கால் குழியை விரிப்பை விலக்கி எடுத்த படம், முன் வலப்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேசிஸில் குத்திய நம்பர், கெரானின் தெளிவான படம். இந்த நாலும் இருந்தால் வாங்கலாமா வேண்டாமா என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். ஒரு வயர் பிரஷும் கையில் கொண்டு போங்கள், அந்த நம்பர் எப்போதும் மண்ணுக்கும் கிரீசுக்கும் அடியில்தான் இருக்கும்.